திருக்கை முள் குத்தின வருஷம்

பழவேற்காட்டில், ஒல்லாந்தர் கோட்டைக்கு வெளியே, சபைத் தர்மத்தில் நடந்த நோயாளி வீட்டில் நான் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தேன். கால் போய்விடும் என்றார்கள். போகவில்லை. இன்றைக்கும் அந்தப் பெண்கள் அறையை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. நோயில் படுத்திருக்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டலாம், உன் கதையைச் சொல்லு சாராள் என்று சபையில் கேட்டார்கள். அதனால் சொல்கிறேன்.

கோட்டைக்குப்பத்துப் பக்கம் எங்கள் வீடு. ஏரியில் இறால் தடவுவது எங்கள் வேலை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றில் இரண்டு கையையும் பரப்பித் தடவிக்கொண்டே நகர்வோம். கையில் பட்ட இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைக் கூடைக்குள், பறிக்குள் போடுவோம். வாயில் பறி இருப்பதால் யாரும் பேச முடியாது. எத்தனை பெண்கள் ஏரியில் இறங்கினாலும் தண்ணீர் சத்தம் மட்டும்தான் கேட்கும். அன்றைக்கு நான் கத்தின கத்தலில் பறி விழுந்து, இறாலெல்லாம் ஏரியோடு போயிற்று.

சேற்றுக்குள் புதைந்து கிடந்த திருக்கை மீனை மிதித்துவிட்டேன். அதன் வால் முள் இடது கெண்டைக்காலில் ஏறிவிட்டது. கொதிக்கிற எண்ணெயைக் காலுக்குள் ஊற்றினது போல இருந்தது. என் வீட்டுக்காரர் தாவீது, நண்டு பிடிக்கிறவர், ஓடிவந்து தூக்கிப்போனார். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தார்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினார்கள். வலி குறைந்தது. வேலைக்குக்கூடப் போனேன். அதற்கப்புறம்தான் கால் வீங்க ஆரம்பித்தது. பிறகு குளிர்ஜுரம். ஒரு நாள் விடிந்ததும் எழுந்து நிற்கப் பார்த்தேன், கால் மண்ணில் ஊன்றவே இல்லை. தாவீது படகைத் தள்ளிக்கொண்டு வந்து என்னை அதில் படுக்கவைத்தார்.

நோயாளி வீடு பெரியது ஒன்றும் இல்லை. ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், ஆண்களுக்கு ஒரு அறை, பெண்களுக்கு ஒரு அறை. ஏழைக் கிறிஸ்தவர்களுக்கென்று சபை நடத்தினது. ஆனால் வந்து நிற்கிற யாரையும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. கோட்டையிலிருந்து ரண வைத்தியர் வருவார். அவர் முதலில் அங்கே சிப்பாய்களைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வருவார், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. வாசலில் பூவரச மரத்தடியில் எல்லாரும் காத்துக் கிடப்போம். கண் வீங்கின நெசவுக்காரர் ஒருவர், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்ட ஒரு தாய், இருமுகிற மாலுமி. மழை வந்தால் எல்லாரும் இறவாரத்துக்கு ஒதுங்குவார்கள். என்னால் ஒதுங்க முடியாது. தாவீது தன் தலைத்துணியை விரித்து என் மேல் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார்.

வைத்தியர் வந்தார். செம்பட்டைத் தாடி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். நாக்கை நீட்டச் சொன்னார். என் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். கலங்கியிருந்தால் ஜுரம் உடம்புக்குள் இறங்கிவிட்டது என்று அவர்கள் கணக்கு. பிறகு ஒரு வெள்ளிக் கம்பியைக் காயத்துக்குள் விட்டுப் பார்த்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் இறகை மையில் தொட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். ஏதோ நீளமாகச் சொன்னார்.

அவருக்குத் தமிழ் வராது. அவர் பேசினதை எடுத்துச் சொல்ல அடுத்த கட்டிலில் ஒருத்தி இருந்தாள். பெயர் ரோசா. கோட்டையில் ஒரு வியாபாரி துரை வீட்டில் சமையல்கட்டு அடிமை. பஞ்ச காலத்தில் குழந்தையாக விற்கப்பட்டவள். எந்த ஊரில் விற்றார்கள் என்று அவளுக்கே தெரியாது. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து இரண்டு கையும் வெந்து போயிருந்தது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் துணி சுற்றி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நாளைக்கு வந்து பாக்கறாராம்."

"அவ்ளோ நேரம் பேசினாரே."

ரோசா தாவீதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மறைக்காத. சொல்லு."

"உள்ள சீழ் கட்டிக்கீதாம். சிவப்பு மேல ஏறுது. அந்த மைக்கோட்டைத் தாண்டிச்சுன்னா, முழங்காலோட எடுக்கணும்னு சொல்றாரு. இல்லன்னா உசிரு போயிடுமாம்."

தாவீது எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். ஏரிக்காரிக்குக் கால் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? தண்ணீரில் இறங்க முடியாது. எங்களுக்கு அப்போது பிள்ளைகூட இல்லை. இவரை இன்னொருத்தி கட்டிக்கொள்வாள், நான் வாசலில் உட்கார்ந்து காக்காய் விரட்டுவேன் என்று என் புத்தி போயிற்று.

அதிலிருந்து எனக்கு ஒரே வேலை. விடிந்ததும் போர்வையை விலக்கி அந்த மைக்கோட்டைப் பார்ப்பது. சிவப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று விரலால் அளப்பது. பகலெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ரொட்டியைப் பாலில் வேகவைத்துத் துணியில் வைத்துச் சூடாகப் பத்துப் போடுவார்கள், அது சீழை இளக்கி வெளியே இழுக்கும். புளித்த காடியால் புண்ணைக் கழுவுவார்கள். அட்டை விட்டுக் கெட்ட ரத்தத்தை எடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் பிறகு மைக்கோட்டைத்தான் பார்ப்பேன்.

காலையில் சபை உபதேசியார் வருவார். ஒல்லியான மனிதர், வெற்றிலை போட்ட வாய். தமிழ் வேதத்திலிருந்து கொஞ்சம் வாசிப்பார். நிறைய வாசிக்க மாட்டார். "மாடு வைக்கோலை அப்படியே விழுங்கிட்டு அப்புறம் உக்காந்து அசை போடுதில்ல, அதுமாதிரி இதை நாள் பூரா அசை போடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்பார். எனக்குக் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், மற்றவர்கள் எழுந்தால் எழுவேன், உட்கார்ந்தால் உட்காருவேன். அவ்வளவுதான் என் வேதம்.

அன்றைக்கு அவர் வாசித்தது ஒரு மாமியார் கதை. ஏரிக்கரை ஊர். மீன் பிடிக்கிற சீடர் ஒருவருடைய மாமியார் ஜுரத்தில் கிடக்கிறாள். அவளைப் பற்றி இயேசுவிடம் சொல்கிறார்கள். அவர் பக்கத்தில் வந்து, கையைப் பிடித்து எழுப்பிவிடுகிறார். ஜுரம் போய்விடுகிறது. அவள் எழுந்து வந்தவர்களுக்கெல்லாம் பணிவிடை செய்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. "ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"ஜுரம் விட்ட அன்னிக்கே அவள அடுப்பங்கரைக்கு அனுப்பிட்டாங்களா? நாலு நாள் படுன்னு சொல்ல ஒருத்தரும் இல்லியா? அத்தன ஆம்பளைங்க இருந்தாங்களே, ஒருத்தரு கஞ்சி வைக்கக்கூடாதா?"

அறையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்தார். "இத என்னை யாரும் கேட்டதில்ல. எனக்கு பதில் தெரியல. நீயே அசை போட்டுப் பாரு, எதுனா கிடைச்சா எனக்கும் சொல்லு" என்றுவிட்டுப் போனார்.

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அன்று மத்தியானம் கஞ்சி வந்தது. நோயாளி வீட்டு வேலைக்காரி ஆண்கள் அறையில் ஏதோ அவசரமென்று கிண்ணங்களை வைத்துவிட்டு ஓடிவிட்டாள். நான் குடித்தேன். ரோசா தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவளாகக் கேட்க மாட்டாள். கேட்டுப் பழக்கம் இல்லாதவள்.

"இங்க வா, என் கட்டில்ல உக்காரு" என்றேன்.

வந்தாள். மரக்கரண்டியால் ஊட்டினேன். முதல் வாய் தாடையில் வழிந்தது, முந்தானையால் துடைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பார்த்தால் அழுகிறாள்.

"சூடா கீதா?"

"இல்ல. வேலைக்காரி அவசரமா வாயில ஊத்திட்டுப் போயிடுவா. இப்படித் துடைச்சு வுட்டு யாரும் ஊட்டினதில்ல. எனக்குத் தெரிஞ்சு இல்ல."

கிண்ணம் காலியாகும் வரைக்கும் ஊட்டினேன். அவள் எழுந்து போன பிறகுதான் ஒன்று தோன்றியது. அவளுக்குச் சாப்பாடு ஊட்டின நேரம் முழுக்க நான் அந்த மைக்கோட்டை நினைக்கவே இல்லை. நோய் வந்ததிலிருந்து நான் ஒரு கால் மட்டும்தான் என்பதுபோல ஆகியிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் முழு ஆளாக இருந்தேன். அந்த மாமியாரும் யாரும் சொல்லி எழுந்திருக்க மாட்டாள், அவளுக்கே எழுந்திருக்க வேண்டும் போல இருந்திருக்கும் என்று தோன்றியது.

சாயங்காலம் இதை ரோசாவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"உனக்குப் பணிவிடை புதுசு, அதான் இனிக்குது. நான் நெனவு தெரிஞ்ச நாள்லருந்து அதத்தான் செய்றேன். எனக்கு அந்தக் கதையில அது வேணாம். அவரு நடந்து அவ கட்டிலுக்கு வந்தாரு பாரு, கையப் புடிச்சாரு பாரு. எனக்கு அது போதும். அதோட நான் நிறுத்திக்கறேன்."

அவள் சொன்னதும் சரிதான். ஒரே கதை, அவள் ஒரு இடத்தில் இறங்கிக்கொண்டாள், நான் ஒரு இடத்தில் இறங்கிக்கொண்டேன். மறுநாள் உபதேசியாரிடம் இரண்டையும் சொன்னேன். அவர் வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு வேற வாசிக்க வேணாம், இதையே இன்னும் கொஞ்சம் வச்சிருங்க" என்றார்.

அதற்கப்புறம் எங்கள் நாள் ஒரு ஒழுங்குக்கு வந்தது. ரோசாவுக்கு நான் ஊட்டுவேன், தலை வாரிப் பின்னுவேன், முகம் துடைப்பேன். எனக்காக அவள் நடப்பாள். தண்ணீர் வேண்டும் என்றால் போய் ஆளைக் கூட்டிவருவாள். ஜன்னலில் நின்று ஏரியில் என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்வாள். அவளுக்கு வலை பற்றியோ படகு பற்றியோ ஒன்றும் தெரியாது. "ஒருத்தன் துணி உதறுறான்" என்பாள். அது வீச்சு வலை வீசுவது. நாங்கள் சிரித்த சிரிப்பில் ஆண்கள் அறையிலிருந்து சுவரைத் தட்டுவார்கள்.

இதற்கு நடுவில் என் நைனா வந்தார். நான் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து அவர் என் வாசலை மிதிக்கவில்லை. எங்கள் அம்மனை விட்டுப் போனவள் என்று கோபம். தாவீதோடும் பேச்சு இல்லை. ஒரு நாள் ரோசா ஜன்னலிலிருந்து, "ஒரு பெரியவரு மரத்தடியில மண்சட்டியோட நிக்கறாரு. உள்ள வரமாட்டேங்கறாரு" என்றாள். அடையாளம் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ரோசா போய்ச் சட்டியை முழங்கைகளுக்கு நடுவில் இடுக்கி வாங்கிவந்தாள். நண்டு ரசம். மிளகு தூக்கலாக, என் அம்மா வைக்கிற மாதிரியே. அம்மா போன பிறகு அவர் சமைத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் அடிக்கடி வந்தார். மரத்தடியோடு சரி. தாவீதும் அதே மரத்தடியில்தான் நிற்பார். இரண்டு பேரும் மரத்துக்கு ஆளுக்கொரு பக்கம், பேசாமல் நிற்கிறார்கள் என்று ரோசா சொல்வாள்.

நோயாளி வீட்டில் எங்களிடம் காசு எதுவும் கேட்கவில்லை. தாவீதுக்கு அது பொறுக்கவில்லை. கிடைத்த நண்டில் நல்லதாகப் பார்த்து அடுக்களையில் வைத்துவிட்டுப் போவார். நைனாவும் அதே போலத் தன் பங்குக்கு வைப்பார். சில நாள் அடுக்களை முழுக்க நண்டு ஓடியது.

அடைமழை பிடித்த ஒரு காலையில் போர்வையை விலக்கினேன். சிவப்பு அந்த மைக்கோட்டைத் தொட்டுத் தாண்டியிருந்தது. அதன் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டேன். ரோசா பார்த்துவிட்டாள்.

"மூடினா போயிடுமா?"

"இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும், ரோசா. சொல்லாத."

"சொல்லாம இருந்து நீ செத்தா, எனக்கு யாரு ஊட்டுவாங்க?" என்று சொல்லிவிட்டு வைத்தியரை அழைத்துவரப் போனாள்.

வைத்தியர் வந்து வெகுநேரம் காலை அழுத்திப் பார்த்தார். பிறகு ரோசாவிடம் சொன்னார். காலை எடுக்கும் முன்னால் இன்னும் ஆழமாக ஒரு முறை கீறிப் பார்க்கிறேன். உள்ளே ஏதோ தங்கியிருப்பதால்தான் சீழ் வற்றாமல் ஊறுகிறதோ என்று சந்தேகமாயிருக்கிறது. ஒன்றும் அகப்படவில்லை என்றால் அதே கையோடு காலை எடுத்துவிடுவேன். சம்மதமா என்று கேட்டார். ரோசா இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. சம்மதம் என்றேன்.

அபின் கலந்த சாராயம் கொடுத்தார்கள். மயக்கமும் இல்லை தூக்கமும் இல்லை, வலி எங்கேயோ தூரத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். தாவீது தோளைப் பிடித்தார். கால்மாட்டில் ஒரு நரைத்த தலை தெரிந்தது.

"நைனா, நீ எப்படி உள்ள வந்த?"

"கால் புடிக்க ஆளு வேணும்னாங்க" என்றார். கண்ணை என் பக்கம் திருப்பவில்லை. "கெட்டியா புடிப்பேன். வலிச்சா திட்டு."

அந்த நேரத்தில் என்ன ஜெபம் செய்தாய் என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். ஜெபம் ஒன்றும் வரவில்லை. வார்த்தையே வரவில்லை. அவர் நடந்து கட்டிலுக்கு வந்தார், கையைப் பிடித்தார் என்று ரோசா நிறுத்திக்கொண்ட இடம் இருக்கிறதே, அதை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். என் புத்தி எழுந்திருக்கிறதற்கோ பணிவிடைக்கோ போகவில்லை. வந்தார், பிடித்தார். வந்தார், பிடித்தார். கத்தி இறங்கினபோது நைனாவை நான் திட்டின திட்டை ஊரே கேட்டிருக்கும்.

வெள்ளிக் கம்பி உள்ளே ஏதோ கெட்டியானதில் பட்டது. இடுக்கியை விட்டு இழுத்தார். திருக்கை முள்ளின் நுனி, ரம்பம் போலப் பல்லோடு, உடைந்து உள்ளேயே இருந்திருக்கிறது. அது வெளியே வந்ததும் பின்னாலேயே சீழ் கொட்டியது. நைனா விரலால் என் பாதத்தைத் தட்டினார். "கால் கீது, கண்ணு. கால் கீது."

காயம் ஆற ரொம்ப நாளாயிற்று. ஜுரம் விட்டு முதல் முதலாகப் பசித்த அன்றைக்கு ஜன்னலில் வெயில் விழுந்தது, ஏரி முழுக்க நாரைகள் இறங்கியிருந்தன. அந்த நாட்களைத்தான் நான் இன்னமும் ஏங்கி நினைக்கிறேன். ஒரு கோலை ஊன்றிக்கொண்டு கட்டிலுக்குக் கட்டில் போவேன். யாருக்குத் தண்ணீர், யாருக்கு முதுகு திருப்ப வேண்டும் என்று பார்ப்பேன். காலையில் கேட்ட வசனத்தை மென்றுகொண்டே செய்வேன். முன்பெல்லாம் வேதம் கோயிலில் கேட்கிற சத்தம். இப்போது அது துணி பிழிகிற கையோடு சேர்ந்து வந்தது. தாவீது வீட்டுக்குக் கூப்பிட வந்தபோது, "மாமா, இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கட்டா?" என்று கேட்டேன். அவர் என்னையும் ரோசாவையும் பார்த்தார். "பகல்ல இரு. பொழுது சாய படகு கொண்டாறேன்" என்றார். அப்படியே செய்தார்.

ரோசாவின் கையும் ஆறியது. விரல்கள் சுருங்கி வளைந்துவிட்டன, ஆனால் கரண்டி பிடிக்க முடிந்தது. கரண்டி பிடிக்க முடியும் என்று தெரிந்ததும் அவளுடைய துரை வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. அந்தக் குடும்பம் கடல் தாண்டி இருக்கிற ஒல்லாந்தர் ஊரான பத்தாவியாவுக்குக் கப்பல் ஏறுகிறது. அவளையும் கூட்டிப்போகிறார்கள். உபதேசியார் கோட்டைக்குப் போய், அவளை விட்டுவிடுங்கள், இங்கே நோயாளிகளோடு இருக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள். அதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஆறுதல் இல்லை. எந்த வசனத்தை மென்றாலும் அந்த இடத்தில் பல் கூசுகிறது.

முகத்துவாரத்தில், கப்பலுக்கு ஆள் ஏற்றிப் போகிற படகுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தியிருந்தார்கள். நான் கோலை ஊன்றிக்கொண்டு மணலில் போய்ச் சேர்ந்தேன்.

"எழுதத் தெரிஞ்சா எழுதுவேன்" என்றாள்.

"நீ எழுதினாலும் எனக்குப் படிக்கத் தெரியாதே."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துரை வீட்டு ஆள் திரும்பிப் பார்த்தான்.

"சாரா, நீ வீட்டுக்குப் போயிடுவியா?"

"தெரியல."

"போயிடாத. அந்த அறையில யாராவது இருக்கணும்."

அவளை ஏற்றினார்கள். அலையைத் தாண்டுகிற வரைக்கும் அவள் தலை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. அவளைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சேதியும் வரவில்லை. கப்பலில் வருகிறவர்கள் எல்லாரையும் கேட்டுப் பார்த்தேன். பத்தாவியா பெரிய ஊராம்.

அன்றைக்கு நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். கால் வலித்தது, அதைவிட நெஞ்சு வலித்தது. என்னவோ தெரியவில்லை, கால் நோயாளி வீட்டுப் பக்கமே போயிற்று. பெண்கள் அறைக்குள் நுழைந்தேன். ரோசாவின் கட்டிலில் அதற்குள் வேறொருத்தியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். திருப்பாலைவனத்துப் பக்கத்து வயல்காட்டுப் பெண் போல இருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது, கூட யாரும் இல்லை. எனக்கு அவள் மேல் முதலில் கோபம்தான் வந்தது. அது ரோசா படுத்த இடம்.

கோலைச் சுவரில் சாத்தினேன். தண்ணீர்ச் சட்டியை இழுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துணியை நனைத்துப் பிழிந்து அவள் நெற்றியில் போட்டேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டேன்.